மூன்றாம் நாள் கடிதம்

மகளின் கல்யாண வாரத்தில் என்னால் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தம்போய் வட்டாரத்தில் எனக்கு ஒரு சின்ன சலவைக்கூடம். ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிறோம். ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். அந்தத் திங்கட்கிழமை ஐந்து பேர்தான் வந்தார்கள். வராதவள், பதினொரு வருடமாக என்னிடம் இஸ்திரி போடுகிறவள். மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள். கொட்டுகிற மழையிலும் எனக்கு முன்னால் வந்து கதவருகே நிற்பாள்.

"எங்க அவ?" என்றேன்.

ஐந்து பேரும் விரிப்பில் ஏதோ கறையைத் தேடினார்கள். "தெரியலண்ணே."

போன் அடித்தேன், அணைத்து வைத்திருந்தாள். செவ்வாய் வரவில்லை. புதனும் வரவில்லை. முறுக்குச் சுட, பூக் கட்ட, எல்லாத்துக்கும் நான் இருக்கேன் என்று மார்தட்டியவள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இங்கே என் கோளாறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய வருடம், வேலையை விட்டுப் போன வேறொருத்தி லேபர் ஆபீசில் என்மேல் புகார் கொடுத்தாள். அதிகாரி வேலைக் கடிதம் கேட்டார், லீவுப் பதிவு கேட்டார். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு. நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று சொல்லியே காலத்தை ஓட்டியிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. முதலாளிகளுக்கான வகுப்பு ஒன்றுக்குப் போய், தடித்த கோப்பு ஒன்றோடு திரும்பினேன். அன்றிலிருந்து லீவுக்குப் படிவம், தாமதத்துக்குப் படிவம். தேதி போடாமல் யாராவது நீட்டினால் மூஞ்சியில் அடித்தாற்போல் திருப்பிக் கொடுப்பேன். "இருக்கறதே ஆறு பேர்லா, கவர்மெண்ட் ஆபீஸ் மாதிரி ஆட்டம் போடுறீங்க," என்று மனைவி கேலி செய்வாள்.

சொல்லாமல் இரண்டு நாளுக்கு மேல் வராதவரை வேலையிலிருந்து நிறுத்தலாம் என்று அந்தக் கோப்பில் இருந்தது. அதற்கு முன்னால் காரணம் என்னவென்று எழுதிக் கேட்க வேண்டும் என்பதும் இருந்தது, அடுத்த பக்கத்தில். மண்டபக்காரன் ஒரு போனில், சமையல்காரர் இன்னொரு போனில் கத்திக்கொண்டிருக்க, நான் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. மூன்றாம் நாளே, புதன்கிழமை சாயங்காலம், வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தாலி கட்டும்போதுகூட என் கண் மண்டப வாசலில்தான் இருந்தது. அவள் வரவில்லை. திமிர் பிடித்தவள் என்று மனசுக்குள் திட்டினேன்.

செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும், ஐந்து பேரில் மூத்தவள் என் மேசைக்கு வந்தாள்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. இனி சொல்லலாம்ண்ணே. அவ அம்மா தவறிட்டாங்க. போன வாரம் திங்கக்கிழமை விடியக்காலைல, லாயாங் லாயாங்ல, அவங்க ஊர்ல."

"ஏன் சொல்லல?" கத்திவிட்டேன்.

"கல்யாண வீட்டுக்கு எழவுச் சேதி சொல்வாங்களாண்ணே? யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டா. உங்க குரலக் கேட்டா அழுதுருவேன்னு போனையும் அணைச்சு வச்சிட்டா."

அலமாக், ஐயோ! உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது பயம்தான். மறுபடி லேபர் ஆபீஸ், மறுபடி அந்த அதிகாரிக்கு எதிர் நாற்காலி. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்த பிறகு விடவில்லை. கார் சாவியை எடுத்தேன்.

"கல்யாணம் முடிஞ்சு மூணு நாள்கூட ஆகல, துக்க வீட்டுக்குப் போகக் கூடாதுங்க," என்று மனைவி போனில் தடுத்தாள். கேட்கிற நிலையில் நான் இல்லை. பாசிர் கூடாங் துறைமுக லாரிகளுக்கு நடுவே ஹார்ன் அடித்துக்கொண்டே போனேன்.

மாசாய் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. நான் செருப்பைக் கழற்றினேன்.

"உள்ள வராதீங்கண்ணே. இன்னும் பதினாறு முடியல. உங்க பாப்பா இப்பதான் வாழப் போயிருக்கு."

கம்பிக்கு இந்தப் பக்கமே நின்றேன். "எனக்குத் தெரியாதும்மா. அந்தக் கடிதத்தக் கிழிச்சுப் போட்டுரு. காரியம் முடிஞ்சதும் வேலைக்கு வா."

"அம்மாவ எடுத்து, சாம்பல் கரைச்சுட்டு வெள்ளிக்கிழம வீட்டுக்கு வந்ததும் அதத்தான் மொதல்ல பாத்தேன். அக்கம்பக்கத்துல எல்லாரும் லேபர் ஆபீசுக்குப் போன்னாங்க. கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்குப் போறதா இருந்தேண்ணே."

என்மேல் புகார் கொடுக்கவும் என் வீட்டு நல்ல காரியம் முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். நான் மூன்று நாள் பொறுக்கவில்லை. பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"வர்றேன்," என்றாள். "ஆனா வேலை இருக்குன்னு எழுதிக் குடுங்க. வாயால சொன்னா போதும்னு இனிமே இருக்க முடியாதுண்ணே."

காரிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து, சுவரில் வைத்து எழுதினேன். கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், வேலை தொடர்கிறது, தவறு என்னுடையது. கையெழுத்துப் போட்டுக் கம்பி வழியாக நீட்டினேன். அவசரமில்லாமல் இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"தேதி போடலியேண்ணே," என்றாள்.