மிஸ்டர் பிங்ஸின் குழிக்கு மண்

மிஸ்டர் பிங்ஸ் செத்துப்போன செய்தி வந்தபோது டெல்ரோஸ் உப்புமீன் வதக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைக்கவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மகன்களையும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள்.

"சாவுக்கு வாங்க. நல்ல கோட்டாப் போட்டுக்கிட்டு வாங்க. ஆனா எவனாவது மண்வாரியத் தொட்டீங்க, அப்புறம் எம் மூஞ்சியில முழிக்கக் கூடாது."

பையன்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பர்மிங்ஹாமில் இருக்கும் ஜமைக்காக்காரர்கள் குழியை மண் தள்ளும் இயந்திரத்திடம் விட்டுவிட்டு வர மாட்டார்கள். அது வெள்ளைக்காரர் பழக்கம். நம் ஆண்கள் மாறி மாறி மண் தள்ளுவார்கள், பெண்கள் சுற்றி நின்று பாடுவார்கள். மேடு எழும்பி, பூ வைத்து முடியும்வரை ஒருவரும் நகர்வதில்லை.

டெல்ரோஸுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவள் அம்மா ஐவி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினாள். குழந்தை ஜமைக்காவிலேயே, கிளாரண்டனில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தது. ஐவி இங்கே பிங்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு டெஸ்மண்டைப் பெற்றாள். அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வந்தபோதுதான் ஐவிக்கு ஊரில் ஒரு மகள் இருப்பது பிங்ஸுக்கு ஞாபகம் வந்தது.

விமானத்திலிருந்து இறங்கி வந்த பெண்ணிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "என்னை மிஸ்டர் பிங்ஸ்னு கூப்பிடு. நான் உன் அப்பன் இல்ல." விருந்தாளிகளுக்காக முன்னறை ஒன்று வைத்திருந்தார்கள். கண்ணாடி மீன் பொம்மைகளும் கஞ்சி போட்ட பின்னல் விரிப்புகளுமாக அது பளபளக்கும். டெல்ரோஸ் அதைத் துடைக்கலாம், உட்காரக் கூடாது. டெஸ்மண்ட் செருப்புக் காலோடு சோபாவில் குதிப்பான்.

அந்த வீட்டை விட்டு வெளியேறி ஆஸ்பத்திரிச் சலவையறையில் உழைத்து, வாசல்நிலை தலையில் இடிக்கிற உயரத்தில் மூன்று மகன்களை வளர்த்தாள். அதையெல்லாம்கூட மறந்திருப்பாள். ஐவியை அடக்கம் செய்த அன்று நடந்ததைத்தான் மறக்கவில்லை. அம்மாவின் குழிக்கு மண் போட அவள் மண்வாரியை எடுத்தாள். சர்ச் சனம் மொத்தமும் பார்க்க, பிங்ஸ் அதைப் பிடுங்கினார். "சொந்தப் புள்ள இருக்கான். நீ தள்ளி நில்லு." டெஸ்மண்ட் தலையைக் குனிந்துகொண்டு மண்வாரியை வாங்கிக்கொண்டான். பெற்றவளுக்கு ஒரு பிடி மண் போடாமல் டெல்ரோஸ் வீடு திரும்பினாள். அன்றிலிருந்து அந்த வன்மத்தைச் சோறூட்டி வளர்த்தாள்.

பிங்ஸின் இரண்டு விரல்களை அவர் வேலை பார்த்த இரும்பு வார்ப்பாலையின் இயந்திரம் தின்றிருந்தது. சாவைவிட இயந்திரத்துக்குத்தான் அவர் பயப்படுவார். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, பார்க்க வந்த டெல்ரோஸின் கையைப் பிடித்தார். "மெஷின் எம்மேல மண்ணு கொட்டக் கூடாதும்மா. உம் பசங்க திடமா இருக்கானுங்க. பாத்துக்கோ." அவள் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டாள்.

ஐவியின் குழியையே திறந்திருந்தார்கள். அவள் பெட்டிக்கு மேல் அவர் பெட்டி இறங்கியது. பிங்ஸின் கூட்டாளிகளில் மிச்சமிருந்தவர்கள் கைத்தடிக்காரர்கள். டெஸ்மண்ட் மெல்லிய தோல் சப்பாத்தோடு கொஞ்ச நேரம் மண் தள்ளினான். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

பாட்டை முன்னின்று பாடிக்கொண்டிருந்த சிஸ்டர் பெர்ல் பொறுக்க முடியாமல் கேட்டாள். "ஏண்டி டெல்ரோஸ், உம் பசங்க என்ன, கல்யாணக் கேக்குல வச்ச பொம்மையா?"

"கோட்டு அழுக்காயிடும் சிஸ்டர்."

தூரத்தில் இயந்திரக்காரன் வண்டியைக் கிளப்பினான். டெஸ்மண்ட் ஓடிவந்தான்.

"அக்கா, பசங்கள வரச் சொல்லுக்கா."

"யாருக்கு யாரு அக்கா?"

"அன்னைக்கு நான் வாயத் தொறந்திருக்கணும். தப்புதான்."

"இப்பத் தொற. எல்லாருக்கும் கேக்கணும்."

அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "இவங்கதான் எங்க வீட்டு மூத்த பொண்ணு. எங்கம்மாவுக்குத் தலைப்புள்ள."

டெல்ரோஸுக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்தது. ஆனாலும் அது போதவில்லை. அவள் இயந்திரக்காரனைப் பார்த்துக் கையசைத்தாள். "வாப்பா. வந்து கொட்டு."

பாட்டு நின்றுவிட்டது. இயந்திரம் ஒரு வாளி மண்ணை அள்ளி, குழிக்கு மேலே கொண்டுவந்து கவிழ்த்தது. பெட்டிமேல் மண் தொப்பென்று விழுந்தது. மிஸ்டர் பிங்ஸ், வாங்கிக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த வாளிக்காக அது திரும்பியபோதுதான் அந்த மண்ணை நன்றாகப் பார்த்தாள். அம்மாவின் மேல் அன்றைக்கு ஊரே போட்ட மண் அது. தோண்டி எடுத்து ஓரமாகக் குவித்திருந்தார்கள்.

"நிறுத்துடா!"

கருப்புத் தொப்பி பறக்க ஓடி, கிடந்த மண்வாரியை எடுத்தாள். முதல் மண்ணைத் தள்ளும்போதே கண்ணீர் பொங்கிவிட்டது. சிஸ்டர் பெர்ல் நெஞ்சில் கைவைத்தாள்.

"என்ன மனசுடி உனக்கு! கடைசியில அந்த மனுசன மன்னிச்சிட்டியே."

"எவ மன்னிச்சா?" டெல்ரோஸ் நிமிரவில்லை. "கீழ எங்கம்மா படுத்திருக்கா. இது அவளுக்குப் போடுற மண்ணு. நடுவுல அந்த ஆளு வந்து கெடந்தா நான் என்ன பண்றது?"

அப்புறம் மகன்களைப் பார்த்துக் கத்தினாள். "என்னடா வேடிக்க? வாங்கடா, பாட்டிக்கு மண்ணு போடுங்க."