மேளம் இல்லாத ஒரு வரவு

அறையில் இருந்தவர்கள்: மிஸ் ஹெலன், பாட்டுகளை எண்ணிப் படிப்பவர். ஜேன், அட்டையில் துளை போடும் பெண். நான், துடைப்பத்தோடு. மேசைமேல் சுழன்ற டேப்புக்குள் இருந்தவர்கள்: என் அக்கா கன்னியம்மா. அத்தை. பக்கத்து வீட்டு மனோன்மணி. மேளக்காரர் நாலு பேர். அம்மாவும் இருந்தாள். அவள் சத்தம் மட்டும் டேப்பில் இல்லை.

லிவர்பூலில் ஒரு கல்லூரியில் நான் கூட்டிப் பெருக்குகிறேன். கம்ப்யூட்டர் என்று ஒரு இயந்திரம் அங்கே ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. அட்டையில் குத்திய துளையைத்தான் படிக்கும். குத்தும்போது விழுகிற காகிதப் பொட்டுகள் தரையெல்லாம் கிடக்கும். வந்த புதிதில், கவரைப்பேட்டை ரைஸ்மில்லில் நொய் கூட்டிய நினைப்பு வந்தது. நொய்யைக் கோழி தின்னும். இதைத் தின்ன ஒன்றுமில்லை. தினமும் ஒரு வாளி அள்ளிக் கொட்டுகிறேன்.

மிஸ் ஹெலன் அந்த இயந்திரத்தை வைத்துப் பாட்டைப் படிக்கிறார். ஒரு ஸ்வரத்துக்கு ஒரு அட்டை. ஏறியதா, இறங்கியதா, எவ்வளவு நேரம் நின்றது, எல்லாம் துளை. வார்த்தை அவருக்கு வேண்டாம். மீனவர் பாட்டு, தாலாட்டு என்று கட்டுக்கட்டாக அட்டைகள். எந்த இடம் எத்தனை முறை திரும்பி வருகிறது என்று இயந்திரம் காகிதத்தில் அடித்துக் கொடுத்துவிடும். நம் ஊரில் பாட்டைக் கேட்பார்கள், இங்கே எண்ணுகிறார்கள். குறையாகச் சொல்லவில்லை.

அறுபத்திரண்டில் கப்பல் சமையல்கட்டு வேலைக்குப் புறப்பட்டேன். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு அம்மாவும் அக்காவும் வந்திருந்தார்கள். அம்மா என் கையை விடவில்லை.

"நைனா, அந்த ஊர்ல சோறு கெடைக்குமாடா?"

"சமைக்கத்தானம்மா போறான். அவன் துன்னாம மத்தவனுக்குப் போடுவானா?" என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்தாள். "அம்மாக்கு ஒண்ணுன்னா இன்னாடா பண்ணுவ?"

"தந்தி குடு. வந்துடறேன்."

"நீ கப்பலேறி வர்ற வரைக்கும் பொணத்த வச்சிக்கினு ஒக்காந்திருக்கணுமா?"

அம்மா சிரித்தாள். ரயில் வந்துவிட்டது.

அக்கா சொன்னபடிதான் நடந்தது. நான் கப்பலை விட்டு லிவர்பூலில் தங்கி எட்டு வருஷம் கழித்துத் தந்தி வந்தது. அம்மா போய் அதற்குள் மூன்று நாள். நான் போகவில்லை. அக்காவுக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரே மகன் கொள்ளி வைக்கவில்லை, அக்கா என்னைத் தலைமுழுகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அது நிஜமா, எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். கேட்க ஆளில்லை.

பிறகு ஒரு பார்சல் வந்தது. அக்கா புருஷன் அனுப்பியிருந்தார். மாமாவுக்கு ஊத்துக்கோட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை. உள்ளே ஒரு டேப், ஒரு சீட்டு. 'அம்மா போன அன்றைக்குப் பிடித்தது. உன் அக்காவுக்குத் தெரியாமல் அனுப்புகிறேன். கேட்டுக்கொள்.'

என்னிடம் மெஷின் இல்லை. மிஸ் ஹெலனிடம் இருந்தது. போட்டார். மேளம் கேட்டது. அக்கா குரலெடுத்தாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மறுநாள் அவர் கேட்டார்: "இதை நான் எண்ணலாமா?"

"எண்ணுங்கள்."

"எத்தனை நாள் ஒத்திகை பார்த்தார்கள்?"

"ஒத்திகை இல்லை. அம்மா ஒரு தடவைதான் செத்தாள்."

அவர் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். அவருக்குத் தெரியாததுதானே. சொல்லிக்கொடுத்தேன். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கு உறவு வந்தால், தெருமுனைக்கே மேளம் எதிரே போகும். மாலையோடு அழைத்து வரும். வாசலில் வேகமெடுத்து அடித்து நிற்கும். உடனே உள்ளே பெண்கள், வந்தவரை முறை சொல்லிக் கூப்பிட்டு, ஒப்பாரியை முதலிலிருந்து எடுப்பார்கள். எத்தனை வரவோ அத்தனை ஆரம்பம். அவருக்குச் சந்தோஷம். மேளத்துக்கென்று தனியாக ஒரு துளை வைத்தார்.

மூன்று மாதம் ஜேன் குத்தினாள். நான் பொட்டுகளைக் கூட்டினேன். அம்மா சாவின் பொட்டுகள் எவை, மீனவர் பாட்டின் பொட்டுகள் எவை என்று பிரித்துத் தெரியவில்லை. எல்லாம் ஒரே வாளிதான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மிஸ் ஹெலன் காகிதத்தை நீட்டினார்.

"மேளம் முப்பத்தெட்டு. பாட்டின் ஆரம்பம் ஒன்று அதிகம். இந்த ஓர் இடத்தில் மேளம் இல்லை. மேளம் இல்லாமல் யாராவது வந்திருப்பார்களா?"

"வர மாட்டார்கள்."

"அப்படியென்றால் யாரும் வரவில்லை?"

"வரவில்லை."

"அப்போது ஜேன் செய்த பிழை. ஒரே ஆரம்பத்தை இரண்டு முறை குத்தியிருப்பாள்." அந்த இடத்துப் பதினோரு அட்டைகளை உருவினார். குப்பைத்தொட்டி என் கையில் இருந்தது. அதன் மேலே பிடித்தார். பிறகு, போடுவதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடுகிறேன் என்று டேப்பை அந்த இடத்துக்கு ஓட்டினார். எப்போதும்போல நான் தொட்டியை வைத்துவிட்டு வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.

மேளம் இல்லை. யாரோ மூக்குச் சிந்தினார்கள். ஒரு காக்கை. அக்கா அதே எடுப்பை எடுத்தாள்.

"எம்மா, சின்னவன் வந்துட்டான். கடலத் தாண்டி வந்துட்டான், கண்ணத் தொற. செருப்பக் கழட்டிட்டு வாடா. அம்மா காலாண்ட ஒக்காருடா."

"யார்டி வந்தது?" என்று அத்தை கேட்டது பின்னால் விழுந்தது. அக்கா நிறுத்தாமல் பாட்டைக் கடைசிவரை பாடி முடித்தாள். அடுத்த மேளம் தெருமுனையில் தொடங்கியது.

அன்றைக்கு அப்படிக் கூப்பிட்டவள் பிறகு ஏன் எழுதவில்லை என்பது டேப்பில் இல்லை.

நான் குனிந்து பூட்ஸைக் கழற்றினேன். சுவரோரம் வைத்தேன். சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது. பாதத்தில் காகிதப் பொட்டுகள் ஒட்டின. ஜேன் என் காலையே பார்த்தாள்.

"என்ன சொல்கிறார்?" என்றார் மிஸ் ஹெலன்.

"ஆள் வந்ததாகச் சொல்கிறாள்."

"யாரும் வரவில்லை என்றீர்களே?"

"தப்பாகச் சொல்லிவிட்டேன். ஒருத்தன் வந்தான்."

அவர் பதினோரு அட்டைகளையும் அட்டைக்கட்டுக்குள் திரும்பச் செருகினார். வரவு என்ற இடத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்தார். புதிதாக எழுதினார்.

முப்பத்தொன்பது.