சொன்னா வெக்கக்கேடு

காலேஜில் படிக்கும்போது எனக்கு ஒரு விருது கொடுத்தார்கள். சிறந்த மாணவர் புலனாய்வுக் கட்டுரைக்கு. அந்தக் கேடயம் இப்போது அம்மா வீட்டு அலமாரியில், கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. யாராவது எடுத்துத் துடைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விஷயம் தண்ணீர். திருவெறும்பூர் பக்கம் எங்கள் ஹாஸ்டல். சுத்திகரித்த தண்ணீர் என்று மெஸ்ஸில் சீல் வைத்த கேன்களை அடுக்கியிருப்பார்கள். அந்தக் கேன்களை மோட்டார் ரூமுக்குப் பின்னால் போர் தண்ணீரில் நிரப்பி, சீல் ஒட்டியது மெஸ்ஸில் வேலை பார்த்த அக்கா. எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"சொன்னா வெக்கக்கேடு பாப்பா. என் கையாலதான் ரொப்புறேன்."

எதைச் சொன்னாலும் அப்படித்தான் ஆரம்பிப்பார். 'சொன்னா வெக்கக்கேடு, இன்னைக்கும் உப்புமாதான்.' 'சொன்னா வெக்கக்கேடு, ஸ்ரீரங்கத்துலயே குடியிருந்துக்கிட்டுப் பெருமாளைப் பாத்து ஒரு வருஷமாச்சு.' ஹாஸ்டல் முழுக்க அவரை மாதிரியே பேசிக்காட்டிச் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"எழுது. என் பேரு மட்டும் வேணாம். பொண்ணு நர்ஸிங் கடைசி வருஷம். அவ முடிக்கிற வரைக்கும் இந்த வேலை இருக்கணும்."

பேர் போடவில்லை. எந்தக் காலேஜ் என்று எழுதவில்லை. அக்காவின் வயதைக்கூட மாற்றினேன். பெரிய கெட்டிக்காரி பாருங்கள்! ஆனால் அவர் சொன்னதை மட்டும் அட்சரம் பிசகாமல் எழுதினேன். என் ரூம்மேட் படித்துவிட்டு, "அந்த வெக்கக்கேட்டை எடுத்துடுடி. பாவம், மாட்டிக்குவாங்க" என்றாள்.

"எடுத்தா கட்டுரையில உயிரே இருக்காது. போடி, உனக்கென்ன தெரியும்?" என்றேன்.

அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். அதுதான் அசிங்கம். அந்த வரியில் கை ஒரு நிமிஷம் நின்றது. ஆனால் வரி அவ்வளவு நன்றாக இருந்தது. அப்படியே போட்டிக்கு அனுப்பிவிட்டேன்.

போட்டி நடத்தியது வெளியாட்கள். பரிசளிப்புக்கு எங்கள் காலேஜ் அரங்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதுவரை கட்டுரையை நடுவர்களும் என் ரூம்மேட்டும் தவிர யாரும் படித்ததில்லை. நடுவர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். "தகவல் சொன்னவரைக் கட்டிக்காத்திருக்கிறார் இந்தப் பெண். அதே சமயம் அவருடைய பேச்சை மாற்றவும் இல்லை. கேளுங்கள்" என்று சொல்லி, ரசித்து, இழுத்து வாசித்தார்.

"சொன்னா வெக்கக்கேடு..."

ஹாஸ்டல் பெண்கள் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி அக்காவின் பேரையே சொல்லிக் கத்தினாள். சனியன்! முன்வரிசையில் இருந்த வார்டன் சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி, மெஸ் ஆட்கள் டீத் தட்டோடு நின்ற கதவைப் பார்த்தார். அக்கா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். என் பேரைக் கூப்பிட்டார்கள். மேடையேறிக் கேடயம் வாங்கி, போட்டோவுக்குப் பல் தெரியச் சிரித்தேன்.

அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் புது ஃபில்டர் மெஷின் வந்தது. என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வார்டன் போட்டோ எடுத்துக்கொண்டார். கேன் நிரப்ப இனிமேல் ஆள் தேவையில்லை, அதனால் அந்த அம்மாவை நிறுத்திவிட்டோம் என்று இனிக்க இனிக்கச் சொன்னார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி அக்காவைத் தேடிப் போக எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. செமஸ்டர், பிராஜெக்ட் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜ் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம்" என்றார்.

மேடமாம்! அதற்கு அந்த விளக்குமாற்றாலேயே என்னை நாலு போட்டிருக்கலாம். பொண்ணு எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"படிப்பை நிறுத்திட்டா. தெப்பக்குளத்துக்கிட்ட ஒரு ஜவுளிக்கடையில நிக்கிறா" என்றார். குப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "சொன்னா..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

"இதையும் எழுதுவீங்களா மேடம்?"

"ஐயோ, இல்லக்கா. சத்தியமா எழுத மாட்டேன்" என்றேன்.