எண்பத்தைந்தில் ஓடிய பச்சைக் கார்

எங்கள் வீட்டுக் கார் என் மனைவியுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் விலை கேட்கிறார்கள். அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்காருவேன். பெட்ரோல் எவ்வளவு போட்டோம், எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்று டைரியில் எழுதிவைப்பது மட்டும் என் வேலை. தொழிற்சாலை ஸ்டோரில் பல வருடம் வேலை செய்ததால் வந்த பழக்கம். வீட்டில் அரிசி வாங்கினாலும் எழுதுவேன்.

வெளிர் பச்சை நிறக் கார் அது. என் மனைவியைவிட இரண்டு வயது இளையது. முன்பக்கம் இரண்டு தனி இருக்கைகள் இல்லாமல் சோபா மாதிரி ஒரே நீள இருக்கை. ஆட்டோ கியர், அதுவும் மூன்றே கியர். குளுவாங்கில் ஒரு சீன வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, சீட்டு எடுத்து அவரிடமிருந்து இதை வாங்கினாள். நாற்பது வயதுக்குமேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள். எங்கள் ஊர் ரெங்கத்துக்கு வெளியே எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் இந்தக் காரில்தான் பழகினாள். புதுக் கார்களில் உட்கார்ந்தால் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பாள்.

பத்து பாகாட் டவுனில் அவளுடைய அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். என் மனைவி ரெங்கத்தில் வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்து, வாரத்தில் மூன்று நாள் அந்தக் கடைக்குக் கொண்டுபோவாள். துணி மூட்டைகள் முன் இருக்கையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போகும். நான் போகிற நாட்களில் மூட்டைகள் பின்னால் போகும். அது ஒன்றுதான் எனக்குக் கிடைக்கிற மரியாதை.

சென்ற வருடம் கியர் வழுக்க ஆரம்பித்தது. பத்து பாகாட் போகும் வழியில் ஆயர் ஹீத்தாம் மேம்பாலத்தில் ஏறும்போது இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறவேண்டிய இடத்தில் இஞ்சின் மட்டும் கத்தும், கார் வேகம் பிடிக்காது. பின்னால் வரும் லாரி ஹாரன் அடிக்கும். என் மனைவி டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்து, "வாடி ராசாத்தி, இந்த மேடு ஏறிட்டா அப்புறம் சமதரைதான்" என்பாள். கார் கேட்கும். ஆனால் அதற்குக் கூலியாகப் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு பாய் காரைக் கேட்டார். கல்யாணங்களுக்கு அலங்கரித்து வாடகைக்கு விட அவருக்கு ஆசை. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். ரிப்பேர் செய்வோம். செய்தபிறகும் குடி குறையவில்லை என்றால் பாய்க்குக் கொடுத்துவிட்டு, சிக்கனமான சின்னக் கார் ஒன்று வாங்கிக்கொள்வோம். குறைந்ததா இல்லையா என்று என் கணக்கு சொல்லவேண்டும்.

"உங்க கணக்கு தப்பாது. நீங்க சொன்னா சரி" என்றாள் மனைவி. சொல்லும்போது முகம் காரின் பக்கம்தான் இருந்தது.

குளுவாங்கில் எங்களுக்குப் பழக்கமான ஃபோர்மன் ஒருவர் இருக்கிறார். இங்கே கார் மெக்கானிக்கை அப்படித்தான் அழைப்போம். அவர் கியர்பாக்ஸைக் கழற்றி எண்ணெயை ஒரு தட்டில் ஊற்றிக் காட்டினார். சிராப் தண்ணீர் மாதிரி சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய் பால் கலக்காத கோப்பி-ஓ நிறத்தில் இருந்தது. கருகிய வாடை வேறு. உள்ளே இருந்த கிளட்ச் வட்டுகள் தீய்ந்த அப்பளம் மாதிரி இருந்தன.

"அக்கா, இத மாத்திட்டா வழுக்குறது நிக்கும். ஆனா குடிக்கிறது முழுசா நிக்காது" என்றார்.

"ஏன் நிக்காது?" என்றாள் மனைவி.

"மூணு கியரு வண்டி. ஹைவேல இதுக்கு மேல மாத்த கியரு இல்ல. பாவம், இஞ்சின் வேகமா ஓடிக்கிட்டே இருக்கும். பின்னாடி டிஃப்ப மாத்தணும்."

டிஃப் என்பது பின் சக்கரங்களுக்கு நடுவே அச்சில் பூசணிக்காய் மாதிரி வீங்கித் தெரியும் பகுதி. அதற்குள்தான் கடைசிப் பல்சக்கரங்கள் இருக்கின்றன. எங்கள் காரில் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் தண்டு நாலு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். தண்டு மூன்றரை சுற்றினாலே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுகிற பல்சக்கரம் போட்டால், அதே தூரத்துக்கு இஞ்சின் குறைவாக உழைக்கும். புறப்படும்போது கொஞ்சம் மந்தமாக இருக்கும், ரோட்டில் ஓட ஆரம்பித்துவிட்டால் லாபம். ஃபோர்மன் ஒரு கெடாய் போத்தோங்கில், அதாவது பழைய கார்களை வெட்டி உதிரிபாகம் விற்கும் கடையில், இதே கம்பெனியின் வேறொரு காரிலிருந்து அந்த டிஃப்பைத் தேடிப் பிடித்து, கிளட்ச் வட்டுகளோடு அதையும் மாற்றிக் கொடுத்தார்.

கார் வீட்டுக்கு வந்த அன்றே கோயிலுக்குக் கொண்டுபோனோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினோம். பழங்களை நசுக்கிக்கொண்டு கார் புறப்பட்டது. மேம்பாலத்தில் கியர் வெண்ணெய் மாதிரி மாறியது. இஞ்சின் சத்தமே மாறியிருந்தது. முன்பெல்லாம் கத்திப் பேசிக்கொண்டு போவோம். இப்போது மனைவி முணுமுணுக்கிற பாட்டு எனக்குக் கேட்டது.

நான் அளக்க ஆரம்பித்தேன். எப்போதும் ஒரே ஸ்டேஷன், ஒரே பம்பு. குழாய் முதல் தடவை தானாக நின்றதும் நிறுத்திவிடுவோம். ரிப்பேருக்கு முன்பு லிட்டருக்கு ஏழு கிலோமீட்டருக்குச் சற்று மேல் கிடைத்துக்கொண்டிருந்தது. ரிப்பேருக்குப் பிறகு ஏழைத்தான் தொட்டது. சில வாரம் அதுகூட இல்லை.

ஒரு சனிக்கிழமை பெட்ரோல் போட்டுவிட்டு வந்த மனைவி சந்தோஷமாகச் சொன்னாள். "இந்த வாரம் கொஞ்சமாத்தாங்க எண்ணெய் புடிச்சுது."

நான் மீட்டரைப் பார்த்தேன். "ஓடினதும் கம்மிதானே. வெள்ளிக்கிழமை அக்கா கடைக்குப் போகலையா?"

"போனேனே."

"போயிருந்தா இவ்வளவு கம்மியா காட்டாதே. பாதி வழியில திரும்பி வந்துட்டியா?"

அவள் கையிலிருந்த சாவியை மேசையில் வைத்தாள். "பாதி வழியில திரும்பி வந்து, ரவிக்கையெல்லாம் ஆயர் ஹீத்தாம்ல வித்துட்டேன். போதுமா?"

நான் டைரியை எடுத்தேன். மீட்டர் காட்டிய எண்ணைத்தான் எழுதினேன். இன்னொரு நாள், "சீக்கிரமா வந்து சேர்ற மாதிரி இருக்குங்க" என்றாள். "ரோட்டுல வண்டி குறைஞ்சிருக்கும்" என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

கடைசியில் கணக்கைச் சொன்னேன். குடி குறையவில்லை. மனைவி வாதாடவில்லை. அவளே பாய்க்குப் போன் செய்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். பிறகு ஒரு வாளித் தண்ணீர் எடுத்துக்கொண்டுபோய்க் காரைக் கழுவினாள். காலையில்தான் கழுவியிருந்தாள்.

பாய் வருவதற்கு முந்தைய நாள் பத்து பாகாட்டில் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். ஜொகூர் பாருவிலிருந்து என் மனைவியின் தம்பி தன் புதுக் காரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு வழி மறந்துவிட்டதாம். நாங்கள் முன்னால் போக, அவன் எங்கள் பின்னாலேயே வந்தான். இந்தக் காரில் எங்களுக்கு இதுதான் கடைசிப் பயணம். மண்டபத்தில் நாங்கள் இறங்கி, பழத்தட்டையும் எடுத்தபிறகுதான் அவன் வந்து சேர்ந்தான். இறங்கியதும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்கா! உனக்கு லைசன்ஸ் கொடுத்தவன் யாருன்னு சொல்லு, அவன நான் பாக்கணும்."

"ஏன்டா?"

"அலமாக்! நூறுல வந்தேன்க்கா. அப்பவும் உன்னப் பிடிக்க முடியல. பின்னாடி உக்காந்து என் பொண்டாட்டி சாமி கும்பிட்டுக்கிட்டே வர்றா."

"நூறா? நான் எண்பத்தஞ்சத் தாண்டலடா. முள்ளு அசையவே இல்ல."

"எந்த ஊரு எண்பத்தஞ்சு அது? மச்சான், நீங்க சொல்லுங்க. பக்கத்துலதானே உக்காந்து வந்தீங்க, தூங்கிட்டீங்களா?"

நான் தூங்கவில்லை. முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அது எண்பத்தைந்தில்தான் நின்றது. மைத்துனன் பொய் சொல்கிறவன் இல்லை, அவன் கார் புதுசு. அப்படியானால் எங்கள் முள் குறைவாகக் காட்டுகிறது. முள் குறைவாகக் காட்டினால்? வேகத்தைக் காட்டுவதும் தூரத்தை எண்ணுவதும் ஒரே கம்பிதான். கியர்பாக்ஸின் வாலிலிருந்து வரும் கம்பி அது. தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்றுதான் அதற்குத் தெரியும், சக்கரம் எவ்வளவு ஓடியது என்று தெரியாது. தண்டைக் குறைவாகச் சுற்றவைக்கத்தானே டிஃப்பையே மாற்றினோம்.

நிச்சயதார்த்தத்தில் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை. அன்று டைரியிலும் எழுதவில்லை.

திரும்பும்போது மனைவியை மெதுவாக ஓட்டச் சொன்னேன். ரோட்டோரத்தில் கிலோமீட்டருக்கு ஒரு கல் இருக்கிறது. நான் கல்லை எண்ணுவேன், அவள் மீட்டரைப் பார்த்துச் சொல்லவேண்டும். பத்துக் கல் தாண்டியபோது மீட்டர் எட்டரைதான் ஓடியிருந்தது. நம்பாமல் இன்னொரு பத்துக் கல் எண்ணினேன். அதே எட்டரை.

மனைவி காரை ஓரமாக நிறுத்தினாள். "என்னன்னு சொல்லுங்க."

"நாம ஓடுன தூரத்த இது கம்மியாக் காட்டியிருக்கு. தூரத்தச் சரியாப் போட்டா லிட்டருக்கு எட்டுக்கு மேலயே வருது. முன்ன ஏழுதான். குடி கொறஞ்சிருக்கும்மா. ரிப்பேர் முடிஞ்ச நாள்லேருந்தே கொறஞ்சிருக்கு."

அவள் இஞ்சினை நிறுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அந்த வெள்ளிக்கிழமை நான் அக்கா கடைக்குப் போனேனா, போகலையா?"

"போன."

"எழுதிக்குங்க."

அங்கிருந்தே ஃபோர்மனுக்குப் போன் செய்தேன். "அண்ணே, டிஃப்ப மாத்துனா மீட்டரு பொய் சொல்லும். கம்பி முனைல ஒரு குட்டிப் பல்சக்கரம் இருக்கு, அத மாத்தணும். அப்பக் கிடைக்கல. அக்காகிட்ட சொன்னேனே" என்றார்.

மனைவி போனைப் பிடுங்கினாள். "தம்பி, மீட்டரு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்னுதான சொன்ன? எங்க வீட்ல கடிகாரம்கூட முன்னப்பின்னதான் இருக்கு. வீட்டுக்காரரு அதுக்காக என்னை விசாரணை வைக்கிறதில்ல!"

மறுநாள் காலை பாய்க்கு நாங்கள் போன் செய்வதற்குள் அவரே வந்துவிட்டார். பஸ் பிடித்து வந்திருந்தார், திரும்பும்போது காரை ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று. கையில் ஒரு பெரிய பொட்டலம் பிரியாணி. என் மனைவிக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. வாக்குக் கொடுத்தவள் அவள். நான் பேசவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அவர் தேநீரை எடுக்கும்வரை காத்திருந்து சொன்னாள்.

"பாய், மன்னிச்சிக்குங்க. நிறையக் குடிக்குதுன்னுதான் கொடுக்கிறதா இருந்தோம். அது குடிக்கலன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது. என்னால கொடுக்க முடியாது."

பாய் தேநீரைக் கீழே வைத்தார். "தங்கச்சி, நிறையக் குடிக்கும்னு தெரிஞ்சே ஆசப்பட்டு வந்தவன் நான். இப்பக் குடிக்காதுன்னு வேற சொல்றீங்களே. எனக்கு ஆச கூடுமா, கொறையுமா?"

என் மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாயும் சிரித்துவிட்டார். ஆனாலும் அவர் கண் வாசலில் நின்ற காரின்மேல்தான் இருந்தது. கொஞ்சம் கோபமும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன்.

"சரி, பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றார்.

"பஸ்ஸா? ஏறுங்க பாய், நானே கொண்டுபோய் விடறேன்" என்றாள்.

அப்படித்தான் அவர் முன் இருக்கையில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜொகூர் பாரு வரை போனார். நான் பின்னால் துணி மூட்டைகளோடு. வழி நெடுக அவர் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்தார், அவள் சிக்னல் போட்டு லாரிகளைத் தாண்டிக்கொண்டே வேண்டாம் என்றாள். கூலாய் தாண்டியதும் விலை பேசுவதை நிறுத்திவிட்டு, கியர் மாறுகிற சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். "மாறுறதே தெரியலையே" என்று மெதுவாகச் சொன்னார்.

அவர் கடை வாசலில் காரை நிறுத்தினோம். சாப்பிடாமல் போகக்கூடாது என்று உள்ளே உட்காரவைத்தார். நாங்கள் மீன் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே மூன்று நான்கு பேர் காரைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ஒருவர் உள்ளே எட்டிப்பார்த்து, கார் விற்பனைக்கா என்று மலாயில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் கல்லாவிலிருந்து எழுந்து வாசலுக்குப் போனார்.

"விக்கிறதுக்கு இல்ல" என்றார், கையை அகல விரித்து. "நான் கேட்டே கொடுக்கல. நீ யாரு?"