சொல்லிவிட்டு வந்த குதிரைப்படை

திரையின் இடது ஓரத்தில் மஞ்சள் எழுத்தில் ஒரே ஒரு வரி வரும்: வாரேனுங்க. ஆங்கில எழுத்துகளில் தட்டியதுதான், ஆனாலும் எனக்கு அது குரலோடு கேட்கும். அந்த வரி மறைவதற்குள் மற்ற மூன்று பேரும் பதறிப்போய் ஆட்களைக் கோட்டைக்குள் இழுப்போம், ஈட்டிக்காரர்களை வாசலில் நிறுத்துவோம். சொன்னபடி சற்று நேரத்தில் குதிரைப்படை வந்துவிடும். அனுப்புகிறவர் எங்கள் டிராயிங் அக்கா.

பாலிடெக்னிக் முடித்த கையோடு கணபதி என்ற பகுதியில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையின் டிராயிங் செக்சனில் சேர்ந்தேன். அங்கே எனக்கு நான்கு வருடம் மூத்தவர் அவர். தொழிற்சாலை முழுக்க அவருக்கு டிராயிங் அக்கா என்றுதான் பெயர். வரைபடங்களை அனுப்பிக்கொள்வதற்காக நான்கு கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்திருந்தார்கள். நாங்கள் அதில் மதிய இடைவேளைதோறும் போர் நடத்தினோம். மரம் வெட்டி, வயல் போட்டு, மதில் கட்டி, படை திரட்டி அடுத்தவன் ஊரை இடிக்கும் ஆட்டம். பத்து நிமிடத்தில் தயிர்சாதத்தை விழுங்கிவிட்டு, கையைக் கர்சீப்பில் துடைத்துக்கொண்டே வந்து உட்காருவார் அக்கா. அவர் ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, படையெடுப்பதற்கு முன்னால் எதிரிக்குச் சொல்லி அனுப்புவதைத் தவிர.

"சண்டைக்குப் போறவங்க பத்திரிகை வெச்சுட்டா, அக்கா, போவாங்க?" என்று கேலி செய்வோம்.

"ஒருத்தரு ஊட்டுக்குச் சொல்லாமக் கொள்ளாமப் போய் நின்னா நல்லாவாங்க இருக்கும்?" என்பார். கேலியாகச் சொல்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. இந்த மரியாதையாலேயே அவர் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம்.

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜை போட்ட கருவியை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள். லேத்துக்கு உள்ள அதே மரியாதை கம்ப்யூட்டருக்கும் உண்டு. பதினொரு மணிக்குச் சந்தனம் வைத்துவிட்டால் திரை இருட்டுதான். அதனால் அந்த வருடம் பூஜை நாளில் காலையிலேயே ஒரு பெரிய ஆட்டம் வைத்தோம், கடைசியில் மிஞ்சும் ஒருவருக்கே வெற்றி என்று. மிஷின் ஷாப்பில் இருந்தவர்கள் எல்லாம் புது வேட்டியோடு எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். நான் அக்காவோடு கூட்டுச் சேர்ந்தேன். "மொதல்ல அவங்க ரெண்டு பேரையும் முடிச்சுப்போடலாமுங்க அக்கா, அப்பறம் நாம பாத்துக்கலாம்" என்று கேட்டதே நான்தான்.

இருவரையும் முடித்தோம். கூட்டாளி என்பதால் அக்காவின் கோட்டைக் கதவு என் படைக்குத் தானாகத் திறந்தது. அவருடைய படை இன்னும் வெளியில் இருந்தது. மணி பதினொன்றாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பின்னால் நின்றவர்கள் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நண்பன் என்று இருந்ததை எதிரி என்று மாற்ற ஒரு பொத்தான் போதும். அழுத்தினேன். உள்ளே நின்ற என் ஆட்கள் அவர் ஊரை ஐந்தே நிமிடத்தில் தரைமட்டமாக்கினார்கள். விசில் பறந்தது.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. மஞ்சள் வரி மட்டும் வந்தது: சொல்லிட்டு வந்திருக்கலாமுங்க தம்பி. நான் பதில் தட்டுவதற்குள் ஃபோர்மேன் உள்ளே வந்து, "எல்லாத்தையும் நிறுத்துங்க, பூசைக்கு நேரமாச்சு" என்றார். திரைகள் அணைந்தன. சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அக்கா ஒவ்வொரு மானிட்டராகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். என் மானிட்டருக்கும் அதே நிதானத்தோடு வைத்து, வழிந்ததை விரலால் துடைத்துவிட்டுப் போனார்.

அதன்பின் மதியத்தில் கூப்பிட்டால் "வேலை கெடக்குதுங்க" என்பார். தை பிறந்ததும் திருமணம் நிச்சயமாகி, காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்த குடும்பத்துக்குப் போனார். என் மேஜைக்கே வந்து பத்திரிகை வைத்து, "கட்டாயம் வந்துருங்க தம்பி" என்றார். நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்க்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

இத்தனை வருடம் கழித்து இப்போது அதே ஆட்டம் புதுப்பித்து வந்திருக்கிறது. மரத்தில் இலையை எண்ணலாம், குதிரைக்குப் பிடரி பறக்கிறது. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. எந்த நாட்டிலோ என்னைப் போல ஒருவர் பழைய படங்களையும் பழைய சத்தங்களையும் திரும்பக் கொண்டுவரும் 'மாட்' என்கிற ஒட்டு மென்பொருள் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். அதைப் போட்டேன். முதல் மரத்தில் கோடரி விழுந்த சத்தத்தில் டிராயிங் செக்சனில் வரைபட நகல் எடுக்கும் மிஷினின் அமோனியா வாடை மூக்கில் ஏறியது. தனியாக ஆடி, கம்ப்யூட்டரின் ஊர்களை வரிசையாக இடித்தேன். ஜெயித்தும் சப்பென்று இருந்தது. கம்ப்யூட்டர் எதையும் சொல்லிவிட்டு வருவதில்லை.

பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அக்காவின் எண் இருந்தது. மூன்று நாள் தட்டித் தட்டி அழித்துவிட்டு, கடைசியில் அனுப்பினேன்: "அக்கா, நம்ம ஆட்டம் மறுபடி வந்திருக்குதுங்க." ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "மறந்து போட்டீங்கன்னு நெனச்சனுங்க தம்பி. மில்லு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மகளைப் போட்டுத்தரச் சொல்றேன்."

போன ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தோம். அரைமணி நேரம் அவரவர் ஊரைக் கட்டினோம். அப்புறம் திரையின் இடது ஓரத்தில், இந்த முறை தமிழ் எழுத்திலேயே வந்தது: வாரேனுங்க.

பழக்கத்தில் கை ஈட்டிக்காரர்களிடம் போனது. கையை விலக்கிக்கொண்டேன். என் கோட்டைக் கதவை நானே இடித்தேன். குதிரைகள் வந்து அந்த இடைவெளியில் நின்றன.

"ஏனுங்க தம்பி, கதவக் காணோம்?"

"நாந்தானுங்க அக்கா எடுத்துட்டேன். அன்னைக்கு நான் பண்ணுனது தப்புங்க."

குதிரைகள் அசையவில்லை. பிறகு மஞ்சள் வரி வந்தது.

"சரிங்க தம்பி. இப்ப அடிக்கறனுங்க."

ஒரு வீட்டைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. கடைசிக் கூரை சரியும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.