ராத்திரி கூடுதா?

போன வாரம் மோஹிங்கா, அதான் எங்கள் ஊர் மீன்குழம்பு நூடுல்ஸ், கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கொஞ்சம் என்பது என் கணக்கு. என் வீட்டுக்காரரைக் கேட்டால் வேறு சொல்வார். குடலே வாய்க்கு வந்துவிடும்போல் நான் வாந்தியெடுத்துக்கொண்டிருக்கிறேன். மனுஷன் கஞ்சித்தண்ணி டம்ளரோடு குளியலறை வாசலில் நின்று, "வயித்துல ஏதாச்சும் தங்குதா?" என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாந்தியும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் என்ன பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். "அமலே, அம்மாடி! இவளுக்குத் தலைக்கு ஏறிடுச்சு" என்று அவர் பயந்தே போனார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணத்துக்கு முன்பு அவர் ஊரின் மறுகோடி, மிங்கலாடோன் பக்கத்து ஆள். பசுந்தாங்கில் எங்கள் தெருவையே நடுங்கவைத்த வார்த்தை அந்தத் 'தங்குதா' என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் அப்போது மரியதாஸ் டாக்டரிடம் வேலை பார்த்தேன். பெயர்தான் கம்பவுண்டரம்மா, சிவப்புத் தண்ணி ஊற்றிக் கொடுப்பதுதான் உத்தியோகம். வயிற்றுவலிக்கும் அதுதான், மாமியார் திட்டினாள் என்று வரும் தலைவலிக்கும் அதுதான். சுக்கும் புதினாவும் கலந்த அந்த வாசனை என் புடவையை விட்டுப் போனதே இல்லை. ஜனங்கள் மருந்துக்காகவா வந்தார்கள்? சொல்ல வந்தார்கள். புருஷன் குடிப்பது, மகன் பரீட்சையில் கோட்டை விட்டது, மலச்சிக்கல் என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும். டாக்டர் நாடியில் விரலை வைத்தபடி, "ம்... அப்புறம்?" என்பார். அந்த 'அப்புறம்'தான் பாதி மருந்து.

க்ளினிக்குக்குப் பின்னால் ஒரு சாக்கடை, திறந்து கிடக்கும். மழைக்காலம் வந்தால் தெருப் பிள்ளைகள் வரிசையாகக் காய்ச்சலில் விழுவார்கள். டாக்டர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். போன இடமெல்லாம் ஒரே பதில்: உங்கள் லூஜீயை அனுப்புங்கள். லூஜீ என்றால் வட்டாரத் தலைவர். எங்கள் லூஜீ அப்போது மகனோடு மாந்தலேக்குப் போய்விட்டிருந்தார். "அப்ப நானே ஆயிடுறேன்" என்று டாக்டர் கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னார். தெருப் பெரியவர்கள் விடுவார்களா? ஒரே வாரத்தில் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அதற்கென்று தைபோன் மேல்சட்டை ஒன்று தைத்துக்கொண்டார். கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு அதோடே நோயாளி பார்ப்பார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்கு அது பிடித்தும் இருந்தது.

இங்கேதான் வந்தது வினை. வீட்டில் வெளியாள் யார் ராத்திரி தங்கினாலும் லூஜீயிடம் சொல்ல வேண்டும், மறைத்தால் ஜெயில் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். சொல்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

முதலில் மாட்டியவன் டயர்க்கடை கோ மாணிக்கம்; ஆண்களுக்குக் கோ, பெண்களுக்கு மா என்பது எங்கள் ஊர் மரியாதை. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தான். டாக்டர் வழக்கம்போல நாடியைப் பிடித்தார்.

"எத்தன நாளா இருக்கு?"

"மூணு நாளா, டாக்டர்."

"வந்து வந்து போவுதா, இல்ல அங்கயே தங்கிடுச்சா?"

மாணிக்கத்தின் முகம் வெளுத்தது. "பகல்ல... வெளிய போயிடும், டாக்டர்."

"ராத்திரி கூடுதா?"

"ஐயோ, கூட்டமெல்லாம் கெடையாதுங்க! மச்சானும் அவன் கூட்டாளியுந்தான். சத்தங்கூட போடமாட்டானுங்க!"

நான் மருந்து அறைக்குள் ஓடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். டாக்டருக்குப் பாவம், அப்போது ஒன்றும் புரியவில்லை. தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே, "மச்சானுக்கும் காய்ச்சலா?" என்றார்.

சாயங்காலத்துக்குள் செய்தி டீக்கடை தாண்டிப் போயிற்று. லூஜீ நாடியைப் பிடித்தே வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லிவிடுகிறாராம்! பிறகு யார் கையை நீட்டுவார்கள்? வருகிறவர்களும் கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நல்லா இருக்கேன் டாக்டர், சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்கள். டாக்டர் வயிற்றில் எதுவும் தங்குகிறதா என்று வாய் திறந்தால் போதும், "ஒருத்தரும் தங்கல!" என்று சத்தியம் செய்தார்கள். டாக்டர் லூஜீயானதில் சாக்கடையை மூடப் பாதி தூரம் பலகைக் கல் வந்துவிட்டது. க்ளினிக்கில்தான் ஈ ஓட்டினோம். "ஊருக்கே ஒடம்பு சரியாயிடுச்சு போல, கம்பவுண்டரம்மா" என்று டாக்டர் பெருமையாகவே சொன்னார். என் வாயில் நல்ல பதில் இருந்தது. சம்பளம் வாங்குகிறவள், விழுங்கிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் மா செல்வி வந்தாள். தெருமுனையில் வடை, பஜ்ஜி போடுகிறவள்; எருமையைக் கூடத் தூக்கி நிறுத்துகிற உடம்பு. "அஞ்சு நாளா காய்ச்சல் டாக்டர். கண்ணுக்குப் பின்னாடி நோவு. காலையிலேருந்து ஈறுல ரத்தம். மருந்து குடுங்க, போறேன்" என்றாள். டாக்டர் நெற்றியைத் தொட்டார். பானைத் தண்ணிபோல் குளிர்ந்து கிடந்தது. ஈறைப் பார்த்தார், வெற்றிலைக் கறை தவிர வேறு சிவப்பு இல்லை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"செல்வி, இந்தக் காய்ச்சலுக்கு வயசு என்னா?"

"பதினேழு" என்று வாய் தவறி வந்துவிட்டது. பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார், அவள் தைபோனைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தாள். அவர் எழுந்து தைபோனைக் கழற்றி என்னிடம் நீட்டி, "இத உள்ள வை" என்றார்.

செல்வி தலையைத் தூக்கினாள். "பூட்டுங்க."

மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து அவளிடம் காட்டினேன். அப்புறந்தான் கதறினாள். அக்கா மகளாம், லைங் தாயாவில் தையல் ஃபேக்டரியில் வேலையாம், காய்ச்சலோடு இவள் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாளாம், கையில் ஒரு அடையாளக் காகிதமும் கிடையாதாம். "லூஜீக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்னு..."

"எனக்குப் பயந்தா புள்ளைய வீட்டுல போட்டு வச்சிருக்க?" என்ற டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு பனியனோடு ஓடினார். டீக்கடையே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. தொப்பை குலுங்கக் குலுங்க அப்படியொரு ஓட்டம்! பின்னால் ஓடிய எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் கண்ணைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. டாக்டரே தூக்கி டாக்ஸியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கூடவே இருந்தார். அந்தப் பிள்ளை பிழைத்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர், "இன்னும் ஒரு நாள் போயிருந்தா அந்தச் சட்டை ஒரு புள்ளைய முழுங்கியிருக்கும்" என்றார். அவர் அழுதார், நானும் அழுதேன்.

மறுநாளே பதவி வேண்டாமென்று சொல்லிவிட்டார். மீதிச் சாக்கடை திறந்தபடியே கிடந்தது. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. ஆனால் ஜனம் திரும்பி வந்ததைப் பார்க்க வேண்டுமே! மாதக் கணக்காக அடக்கி வைத்திருந்த நோவையெல்லாம் ஒரே வாரத்தில் கொட்டினார்கள். சிவப்புத் தண்ணி ஊற்றி ஊற்றி என் தோள்பட்டை இறங்கிவிட்டது. மாணிக்கம் மச்சானையே கூட்டிவந்து காட்டினான்.

டாக்டர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. க்ளினிக் இருந்த இடத்தில் இப்போது ஃபோன் கடை. இந்த நாளில் எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு நோவும் இல்லை. ராத்திரியில் லூஜீ ஆட்களோடு வந்து கதவைத் தட்டி என்ன கேட்டாலும், முழுவதும் கேட்பதற்கு முன்பே, "நல்லா இருக்கோம்" என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன்.