நிரையின் கீழ்ப்பக்கம்

எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் ஒரு நிரைக்கு இரண்டு பேர் நிற்பது வழக்கம். சரிவான நிலம் என்பதால் செடிக்கு மேல்பக்கம் ஒருத்தர், கீழ்ப்பக்கம் ஒருத்தர். மேலே நின்றால் கிளை இடுப்புக்கு வரும். கீழே கால் வழுக்கும், கிளை தலைக்கு மேல் போய்விடும். உயரமான ஆள் எட்டி வளைத்துத்தான் பறிக்க வேண்டும். அதனால் பெரும்பாலும் பெண்டாட்டி மேலே, புருஷன் கீழே. சென்னம்மாளும் சென்றாயனும் கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான் நின்றார்கள்.

நான் அவளுக்குப் பக்கத்து அறைக்காரி. ஒட்டி ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளில் நடுச்சுவர் கூரைவரை போகாது, ஒரு ரகசியமும் தங்காது. சென்றாயன் பகல் முழுக்கச் செடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவான், வீட்டுக்கு வந்தும் பேசுவான். "அந்த அண்ணனுக்கு வாய் வலிக்காதாக்கா?" என்று கேட்டால், "எனக்குக் காதே மரத்துப் போச்சு கண்ணு" என்பாள். சொல்லும்போது முகத்தில் பெருமைதான் தெரியும்.

எண்பத்து நாலு ஐப்பசியில் அவனுக்கு மார்வலி வந்தது. எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிச் சேலத்துக்குக் கிளம்பினார்கள். அடிவாரம் சேர்வதற்குள் மலைப்பாதையிலேயே மூச்சு நின்றுவிட்டது. திருப்ப இடமில்லாமல் டிரைவர் அடிவாரம்வரை போய்த்தான் திரும்பினான். இறங்கும்போதும் ஏறும்போதும் சென்றாயன் தலை சென்னம்மாள் மடியில் இருந்தது. அவள் அழவில்லை. காரியம் முடிகிறவரைக்கும் அழவில்லை. லயனில் சில பேர் அதையும் குற்றமாகப் பேசினார்கள். அவர்களுக்குப் பேச ஏதாவது கிடைத்தால் சரி.

மகள் கலாவதியை அடிவாரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். காரியத்துக்கு வந்தவள், "எங்கூட வந்துரும்மா" என்றாள். சொல்லிவிட்டு மாமியார் முகத்தைப் பார்த்தாள். அந்தப் புண்ணியவதி வெற்றிலையை மென்றுகொண்டு கூரையைப் பார்த்தாள். "நான் இங்கியே இருந்துக்கறேன் சாமி, நீ போ" என்று சென்னம்மாள் மகளை பஸ் ஏற்றிவிட்டாள்.

இருந்துகொள்வது அவ்வளவு லேசா? லயன் அறை எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலைக்குப் பெயர் இருக்கிறவரைதான் அறை. பெயரை வெட்டினால் சட்டிபானையோடு வெளியேற வேண்டும். அவள் தாத்தா காலத்தில் மலையேறி வந்த குடும்பம். கீழே எந்த ஊர் என்றுகூட அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அந்த அறை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

மார்கழியில் பழம் சிவந்தது. மேஸ்திரி மாரியப்பன், "கீழ்ப்பக்கத்துக்கு மூக்கன நிக்கச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டான். மூக்கன் பெண்டாட்டியை இழந்தவன், லயனின் கடைசி அறையில் இருந்தான், நல்ல உயரம். சென்னம்மாள் வேண்டாம் என்றாள். "ரெண்டு பக்கமும் நானே பாத்துக்கறனுங்க." சென்றாயன் நின்ற இடத்தில் இன்னொருத்தன் நிற்பதா என்ற ஆங்காரம் அது. ஒரே நிரையில் நின்றால் ஜோடி சேர்த்துப் பேசுவார்கள் என்ற பயமும் இருந்தது.

கொஞ்ச நாள் ஓடியது. அவள் சாக்கில் எடை குறைந்தபோது வயசாகிவிட்டது என்று மேஸ்திரி விட்டுவிட்டான். ஒருநாள் ஏதோ வேலையாகச் சரிவின் கீழே போனவன் அண்ணாந்து பார்த்திருக்கிறான். அவள் எடுத்த நிரைகளில் மேல்பக்கம் துடைத்துவிட்டது மாதிரி சுத்தம். கீழ்ப்பக்கம் பழம் அப்படியே கனிந்து, கறுத்து, மண்ணில் உதிர்ந்து கிடந்தது. ஒரு செடி இரண்டு செடி இல்லை, அவள் கை பட்ட அத்தனையும் பாதி. தன் பக்கத்தைப் பறித்துவிட்டு அடுத்த செடிக்குப் போயிருக்கிறாள். அந்தப் பக்கம் சென்றாயன் பறித்துக்கொண்டு வருகிறான் என்றே அவள் கை நினைத்திருக்கிறது.

மாரியப்பன் கத்தித் தீர்த்தான். "உதுந்த பழத்துல பூச்சி பத்துனா காடே போயிரும். மேனேஜர் பாத்தா எனக்கும் சேத்து சீட்டுக் கிழியும். நாளைக்கு முழு நிரை எடுக்கலீன்னா பேர வெட்டிருவாங்கம்மா. ஊட்டைக் காலி பண்ணிக்கோணும்."

சாயங்காலம் எல்லோரும் திரும்பினோம், அவள் வரவில்லை. தேடிப் போனேன். செடிக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்திருந்தது. ஒடிந்த கிளை ஒன்று கையில் இருந்தது.

"எட்டலீ கண்ணு" என்றாள். "நின்னா வழுக்குது. அந்த மனுசன் எப்படித்தான் இத்தன வருசம் இங்க நின்னாரோ தெரியல. என்னென்னமோ பேசுவாரே, காலு வழுக்குதுன்னு ஒரு நாளும் சொல்லலியே."

ஒடிந்த கிளையை அவள் கையிலிருந்து வாங்கி எறிந்தேன். பேச்சு கோபமாகத்தான் வந்தது. "மூக்கன வரச் சொல்லுங்கக்கா. பேசறவங்களா உங்களுக்கு ஊடு குடுக்கப் போறாங்க?"

"நொம்பப் பயமா இருக்குது. செத்துப் போயிரலாம்னு இருக்குது. அதுக்கும் படுக்க ஒரு ஊடு வேணுமில்ல" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மெல்லப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். தன் அறைக்குள் போகாமல் நேராகக் கடைசி அறைக்குப் போனாள். வாசலுக்கு வெளியே நின்றாள். லயனே எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க, நாளைக்குக் கீழ்ப்பக்கம் நிக்கோணுமுங்க."

மூக்கன் அடுப்பூதிக்கொண்டிருந்தவன் எழுந்து வந்தான். "நிக்கறனுங்க அண்ணி."

"பேச வேண்டாமுங்க."

"பேசலீங்க."

மறுநாள் நான் அடுத்த நிரையில் நின்றேன். மூக்கன் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. பனி விலகாமல் எதிர்ச்செடியே மங்கலாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சென்னம்மாள் கை நின்றது. "ஏனுங்க, இருக்கறீங்களா?" என்று கேட்டாள். "இருக்கறனுங்க அண்ணி." இரண்டு செடி தாண்டி மறுபடியும் அதையே கேட்டாள். அதற்குப் பிறகு மூக்கன் ஒவ்வொரு செடியிலும் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டான். பொழுது சாயும்வரை செருமிக்கொண்டே வந்தான். நிரை முழுசாக முடிந்தது.

களத்தில் எடை போடும் இடத்தில் வரிசை நின்றது. எங்கள் வழக்கப்படி நிரையை ஆம்பிளை பெயரில்தான் கூப்பிடுவார்கள். சென்றாயன் போன பிறகும் கணக்கெழுதுகிற ரைட்டர் ஆரோக்கியதாஸ் "சென்றாயன் நிரை" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரக்கமோ சோம்பேறித்தனமோ, தெரியாது. அவள் பாட்டுக்குச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போவாள். அன்றைக்கு மூக்கனைப் பார்த்ததும், "இனி உம் பேருல கூப்பிடட்டுமா?" என்றார்.

"வேண்டாமுங்க. நிரை அண்ணியோடது. அவங்க பேரச் சொல்லுங்க."

ஆரோக்கியதாஸ் முறை வந்ததும் கூப்பிட்டார். "சென்னம்மாள் நிரை."

அவள் நகரவில்லை. எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள், சாக்கின் வாயைப் பிடித்தபடி வேறு எதற்கோ காத்திருந்தாள். "சென்னம்மாள் நிரை" என்று இன்னொரு முறை கேட்டது. வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். நாளெல்லாம் பறித்தது கணக்கில் ஏறாது. பெயர் போகும், அறை போகும்.

நான் தோளைத் தொட்டேன். "உங்களத்தானுங்க அக்கா."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அவரக் கூப்பிட மாட்டாங்களா?"

"இனி கூப்பிட மாட்டாங்க அக்கா."

அப்போதுதான் அழுதாள். ஜீப்பில் அழாதவள், காரியத்தில் அழாதவள், அத்தனை பேருக்கும் நடுவில் வாய்விட்டு அழுதாள். வரிசையில் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. ஆரோக்கியதாஸ் பேனாவை வைத்துவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கன் சாக்குக்குக் கை கொடுக்க வந்தான். அவள் விடவில்லை.

ரைட்டர் மூன்றாம் தடவையும் அவள் பெயரைச் சொன்னார்.

"வந்துட்டனுங்க" என்று சொல்லி, அழுதுகொண்டே சாக்கைத் தராசுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.